கல்யாணத்துக்கு அப்புறம் சொல்றேன்

நீதிமன்ற வளாகத்தில் அவளுக்குக் குறுக்கு என்று பெயர். குறுக்கு விசாரணைக்கு அவள் எழுந்தாள் என்றால், கூண்டில் நிற்கிற சாட்சி தன் அப்பா பெயரையே யோசித்துத்தான் சொல்வான். அவனுக்கு வாய்தா என்று பெயர். எந்த வழக்காக இருந்தாலும் எழுந்து நின்று அடுத்த தேதி கேட்பான், வாங்கிக்கொண்டு உட்காருவான். அவன் எழுந்திருக்கும்போதே நீதிபதி காலண்டரைத் திருப்ப ஆரம்பித்துவிடுவார். பெற்றவர்கள் வைத்த பெயர்கள் இருவருக்கும் இருந்தன. அவை வாசல் பலகையோடு சரி.

இரண்டு பேரும் கூட்டாக ஒரு வக்கீல் ஆபீஸ் நடத்தினார்கள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில், இரண்டு அறை. உள்ளறை அவளுக்கு, வெளியறை அவனுக்கு. கீழே மெஷின் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். இரண்டு பேரும் காதலிக்கிறார்கள் என்பது வளாகத்தில் டீ விற்கிறவர் முதல் தலைமை நீதிபதி வரை எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்த இரண்டு பேர் மட்டும்தான். கோர்ட்டில் "நீங்க, வாங்க" என்று மரியாதை கொட்டுவார்கள். ஆபீஸில் "நீ, வா." அவளுக்குக் கோபம் வந்தால் அவனை "வக்கீல் சார்" என்பாள். அவனுக்குப் பயம் வந்தால் அவளை "மேடம்" என்பான்.

கல்யாணப் பேச்சு வராமல் இல்லை. அவள்தான் எடுத்தாள், ஒரு தடவை இல்லை, பல தடவை. கோர்ட்டு லீவு முடியட்டும் என்றான். ஆபீஸுக்கு ஒரு ஏசி போட்டுவிடலாம் என்றான். ஏசி வந்தது. உங்க அக்கா பெண்ணுக்குப் பரீட்சை முடியட்டும் என்றான். அந்தப் பெண் பரீட்சை எழுதி, பாஸாகி, வேலைக்கும் போய்விட்டாள். வேண்டாம் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. பிடி கொடுக்காமல் நழுவுவதில் அவனுக்கு நிகர் அவன்தான். கடைசியில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஊரில் இருக்கிற சாட்சியை எல்லாம் ஒரே கேள்வியில் மடக்குகிறவள், இந்த ஒரு ஆளிடம் ஒரு பதில் வாங்க முடியவில்லையே என்று அவளுக்கு உள்ளுக்குள் எரிந்தது. எரிச்சலை விட வலிதான் அதிகம். அதை அக்காவிடம்கூட அவள் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், புருவத்துக்கு மேலே பிளாஸ்திரியோடு உள்ளறைக்குள் வந்து நின்றான்.

"நாம கல்யாணம் பண்ணிக்கலாம்," என்றான்.

அவள் கையிலிருந்த பேனா மேஜைக்குக் கீழே உருண்டது. அவள் அதை எடுக்கவில்லை.

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை. பதிவு ஆபீஸ்ல பேசிட்டேன். அவசர மனு போட்டா அன்னிக்கே முடிச்சுத் தர்றாங்களாம்."

வேறு ஒருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள், சிரித்திருப்பாள், ஓடிப்போய் அக்காவுக்குப் போன் போட்டிருப்பாள். இவளுக்கும் அதெல்லாம் தோன்றாமல் இல்லை. ஆனால் தொழில்புத்தி விடவில்லை. வருஷக்கணக்கில் தேதி தள்ளியவன் தானாக வந்து தேதி தருகிறான் என்றால் அதன் பின்னால் என்னமோ இருக்கிறது.

"நெத்தியில என்ன?"

"கதவு இடிச்சுது."

"எந்தக் கதவு?"

"ஒரு கதவு," என்று சொல்லிவிட்டு, கீழே ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று போய்விட்டான். கையில் ஒரு தாள்கூட இல்லை.

இங்கே வழக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் கேன்டீன் நடத்துகிற அம்மா ஒருத்தி புதிதாக ஒரு பிரஷர் குக்கர் வாங்கினாள். வாங்கிய வாரத்திலேயே மூடி பறந்துவந்து தோளில் அடித்து எலும்பு முறிந்துவிட்டது. கேன்டீனை மூடிவிட்டுக் கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு வந்தவளுக்கு, குக்கர் கம்பெனி ரொம்ப மரியாதையாகப் பதில் எழுதியது: எங்கள் குக்கர் தங்கம், உங்கள் சமையல்தான் கோளாறு, அளவுக்கு மேல் நிரப்பியிருக்கிறீர்கள். அவளுக்காக மனு எழுதியது வாய்தா. பிரமாதமாக எழுதினான். 'சமையலறையில் புகுந்த வெடிகுண்டு' என்றான், 'தாய்மார்களின் உயிரோடு விளையாடும் பாதகம்' என்றான். குறுக்கு அதைப் படித்துவிட்டு இன்னும் இரண்டு உயிர்களைச் சேர்த்தாள்.

இரண்டு பேரும் அதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. அந்த அம்மா அளவு தெரியாமல் கொட்டித் திணித்திருப்பாள் என்றுதான் நினைத்தார்கள். கட்சிக்காரர் சொல்வதை எழுதுவது தொழில். நம்புவது தொழிலில் சேர்த்தியில்லை. மற்றபடி மனசாட்சி உள்ளவர்கள்தான் இருவரும். ஆபீஸ் நேரத்தில் அதைத் தொந்தரவு செய்வதில்லை, அவ்வளவே.

அந்தக் குக்கர்தான் வழக்கின் முக்கியச் சான்றுப்பொருள். கைப்பிடியில் சான்றுச் சீட்டு ஒன்றைக் கட்டி வெளியறை பீரோவில் வைத்திருந்தார்கள். வருகிற திங்கட்கிழமை அதை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். நீதிமன்றம் நியமித்த இன்ஜினியர் அதைச் சோதிப்பார்.

செவ்வாய் மத்தியானம் குறுக்கு பீரோவைத் திறந்தாள். குக்கர் இல்லை.

"குக்கர் எங்க?"

"பத்திரமா இருக்கு."

"பத்திரமான்னா எங்க?"

வாய்தா ஜன்னலைப் பார்த்தான், மின்விசிறியைப் பார்த்தான், கடைசியில் தன் செருப்பைப் பார்த்துப் பேசினான். "கல்யாணத்துக்கு அப்புறம் சொல்றேன்."

"வக்கீல் சார், குக்கர் எங்கன்னு கேட்டேன்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாம் சொல்லிடறேன் மேடம். அதுவரைக்கும் கேக்காதீங்க."

அவளுக்கு முதலில் வந்த எண்ணம் அசிங்கமானது. கம்பெனிக்காரன் இவனை வளைத்துப்போட்டுவிட்டானா? குக்கரைக் கொடுத்துவிட்டு வந்து நம்மிடம் கல்யாணம் பேசுகிறானா? ஒரு நாள் முழுக்க அந்த எண்ணத்தோடு அவனைப் பார்த்தாள். அவன் ஒரு வேலையை முடிக்க ஒப்புக்கொண்டு, குறித்த நேரத்தில் அதை முடித்தும் கொடுப்பான் என்று அவளால் கற்பனை பண்ணவே முடியவில்லை. விலைபோவதற்கும் ஒரு சுறுசுறுப்பு வேண்டும். அந்தச் சந்தேகத்தை அவளே தள்ளுபடி செய்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் அக்காவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவள் இருப்பது அக்கா வீட்டில்தான். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா, கையிலிருந்த போர்வையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படியோ வாயைத் திறந்தானே. சரின்னு சொல்லித் தொலையேண்டி."

"ஏன் வெள்ளிக்கிழமைன்னு யோசிக்கிறேன்க்கா."

"எந்தக் கிழமையா இருந்தா உனக்கு என்ன? கட்டிக்கப்போறது கிழமையையா?"

"திங்கக்கிழமை அந்தக் குக்கர் கேஸ் வருது. அதுக்குள்ள முடிச்சிடணும்ங்கறான்."

"கேஸுக்கும் கல்யாணத்துக்கும் என்னடி சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்தது. சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவாக இருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கல்யாணமான பிறகு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதை வெளியே சொல் என்று எந்த நீதிமன்றமும் அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் சொன்னால் அவள் சாட்சி. சாயங்காலம் சொன்னால் பெண்டாட்டி. அவள் கோர்ட்டில் பொய் சொல்ல மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் வாயைப் பொத்திக்கொண்டு பதிவு ஆபீஸுக்கு ஓடியிருக்கிறான்.

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அவிழ்ந்ததும் சந்தோஷம் வரும் அவளுக்கு. எந்த வழக்கிலும் அப்படித்தான். இந்தத் தடவை அழுகை வந்தது. இத்தனை வருஷம் காத்திருந்த கல்யாணம் வந்தது, ஒரு சட்டப் பிரிவுக்குள் ஒளிந்துகொள்ள அவனுக்கு இடம் வேண்டும் என்று வந்தது. அக்கா கொடுத்த போர்வையை அவளும் மடித்தாள். நான்கு மூலையும் சேராமல் கோணலாகத்தான் மடிந்தது.

வியாழக்கிழமை காலையில் நேராக அவன் வீட்டுக்குப் போனாள். ஒரே அறை வீடு. ஒரு மூலையில் கட்டில், எதிர்மூலையில் அடுப்பு, நடுவில் சட்டப் புத்தகங்கள். அவனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் அடுப்போடு அவன் எந்த உறவும் வைத்துக்கொண்டதில்லை. கதவைத் திறந்தவன் அவளைப் பார்த்ததும் மறுபடி சாத்தலாமா என்று ஒரு கணம் யோசித்தான்.

"நீ ஒண்ணும் பேசாதே," என்றாள் அவள். "வாயைத் திறந்தா நான் சாட்சி ஆயிடுவேன். தலையைக்கூட ஆட்டாதே. அந்தக் கட்டில்ல போய் உக்காரு."

உட்கார்ந்தான்.

அவள் அறையைப் பார்த்தாள். சுவர் எல்லாம் பழைய மஞ்சள் அடித்துக் கிடக்க, கூரை மட்டும் பளீரென்று வெள்ளையாக இருந்தது. அடுப்புக்கு நேர் மேலே, வெள்ளைக்கு அடியில், ஒரு தட்டு அளவுக்குக் குழி. வாடகை வீட்டுக் கூரைக்குச் சொந்தக் கையால் சுண்ணாம்பு அடிக்கிற ஆளா இவன்? புழுக்கமாக இருந்தது. அவள் மின்விசிறியைப் போட்டாள். அவன் "வேண்டாம்" என்று கையைத் தூக்குவதற்குள் விசிறி சுற்ற ஆரம்பித்துவிட்டது. இறக்கைகளின் மேல்பக்கத்தில் காய்ந்து ஒட்டியிருந்ததெல்லாம் பொலபொலவென்று அவள் தலையில் கொட்டியது. கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தவன் விசிறியைத் துடைக்க மறந்துவிட்டான்.

தலையில் விழுந்ததை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"பருப்பு," என்றாள்.

அவன் தலையை ஆட்டாமல் இருக்கப் பெரும்பாடு பட்டான்.

கட்டிலுக்குக் கீழே குக்கர் இருந்தது. மூடி தனியாக, நெளிந்து, கூரைச் சுண்ணாம்போடு இருந்தது. சான்றுச் சீட்டு மட்டும் கைப்பிடியில் அப்படியே தொங்கியது. முடிச்சு அவள் போட்டது.

"கட்சிக்காரம்மா சொல்றது நிஜமா பொய்யான்னு சோதிச்சுப் பார்க்க எடுத்துட்டு வந்திருக்கே," என்றாள். "அடுப்புல வச்சே. வெடிச்சுது. மூடி நெத்தியை உரசிட்டுப் போயிருக்கு. இன்னும் ரெண்டு விரல் தள்ளிப் பட்டிருந்தா இந்நேரம் நான்..." அதை அவள் முடிக்கவில்லை. கோபத்தை எடுத்து முன்னால் விட்டுக்கொண்டாள். "சான்றுப்பொருளைச் சேதப்படுத்தினா லைசென்ஸ் போகும்னு தெரியும். அதான் என்னைக் கட்டிக்கிட்டு வாயை அடைக்கப் பார்த்தே."

"இல்ல மேடம். நான் எதுக்கு எடுத்துட்டு வந்தேன்னா..."

"சொல்லாதே."

"அதை மட்டும் சொல்லிடறேனே."

"சொல்லாதேன்னேன். நீ இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. நானாத்தான் கண்டுபிடிச்சேன். திங்கக்கிழமை கோர்ட்ல சொல்லிட்டு கேஸை விட்டு விலகிக்குவேன். வெள்ளிக்கிழமைக்கு இனிமே அவசியம் இல்ல."

குக்கரையும் மூடியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் நின்றாள். அவன் எதற்காக எடுத்துவந்தான் என்று சொல்ல வாயெடுத்தானே, கேட்டிருக்கலாமே என்று இருந்தது. திரும்பிப் போகவில்லை. சட்டம் தெரிந்தவளாக இருப்பதில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளுக்கு அலுப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் நெளிந்த மூடியை மேஜைமேல் வைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். வழக்கிலிருந்து விலகிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, பார்வையாளர் பெஞ்சில் கேன்டீன்காரம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நீதிபதி கோபத்தில் சிவந்துபோய், வாய்தாவைச் சாட்சிக் கூண்டில் ஏறச் சொன்னார். கம்பெனி வக்கீலுக்கு முகமெல்லாம் பல். அவர் அன்றைக்குப் புது டை வேறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"வெடிக்கும்னு நான் சொன்னப்ப நீங்க நம்பலையாம்மா?" என்று கேன்டீன்காரம்மா மெல்லக் கேட்டாள்.

"நம்பல," என்றாள் குறுக்கு. "தப்புதாம்மா."

"நம்ப வைக்கணும்னா கையை முறிச்சுத்தான் காட்டணும் போல," என்று அந்த அம்மா சொல்லிவிட்டு, தொட்டில் கட்டிய கையைத் தானே பார்த்துக்கொண்டாள்.

வாய்தா பிரமாணம் எடுத்துக்கொண்டான். நீதிபதியின் கை பழக்கதோஷத்தில் காலண்டர் பக்கம் போனது.

"தேதி வேண்டாம் ஐயா," என்றான் அவன். "இன்னிக்கே சொல்லிடறேன்."

கம்பெனி வக்கீல் எழுந்து, டையைத் தடவிக்கொண்டார். "குக்கரை நீங்கதான் வெடிக்க வச்சீங்க. அளவுக்கு மேல நிரப்பி, வேணும்னே."

"இல்லைங்க. எனக்குச் சமைக்கத் தெரியாது. உங்க கம்பெனி குக்கரோட குடுத்த கையேட்டைப் பக்கத்துல விரிச்சு வச்சுக்கிட்டு, அதுல போட்டிருக்கிற அளவுக்குப் பருப்பு, அதுல போட்டிருக்கிற அளவுக்குத் தண்ணி. வால்வைக்கூட அதுல சொன்னபடி ஊதிப் பார்த்தேன். விசில் வரல. மூடிதான் வந்தது."

"ஆபத்தான குக்கர்னு உங்க மனுவிலேயே எழுதியிருக்கீங்க. வெடிகுண்டுன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் அதை உங்க வீட்டு அடுப்புல ஏன் வச்சீங்க?"

"என் மனுவை நான் நம்பலைங்க. உங்க பதில் மனுவைத்தான் நம்பினேன். ரொம்பப் பாதுகாப்பான குக்கர்னு எழுதியிருந்தீங்க."

அந்த இடத்தில் கம்பெனியின் வழக்கு படுத்துவிட்டது. பின்னால் தீர்ப்பு கேன்டீன்காரம்மா பக்கம் வந்தது. வாய்தாவை ஆறு மாதம் கோர்ட் படியேறக் கூடாது என்று வக்கீல் சங்கம் தள்ளிவைத்தது, அது நியாயம்தான். ஆனால் அன்றைக்குக் கம்பெனி வக்கீல் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். பதில் தெரியாத கேள்வியைக் கேட்கக் கூடாது என்பது தொழிலின் பாலபாடம். ஆத்திரத்தில் அவர் அதை மறந்துவிட்டார்.

"ஊருல வேற குக்கரே இல்லையா? சமைக்கவே தெரியாத ஆளு, கோர்ட்டுப் பொருளை எடுத்துட்டுப் போய் யாருக்குச் சமைச்சீங்க? எதுக்குச் சமைச்சீங்க?"

வாய்தா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"என் பார்ட்னருக்கு. வீட்டுக்குக் கூப்பிட்டு, என் கையால ஒரு வாய் சாப்பாடு போட்டு, என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேக்கலாம்னு இருந்தேன். எத்தனையோ வருஷமா அவங்க கேட்டு நான் தள்ளிப்போட்டேன். வெறுங்கையோட போய்க் கேக்க மூஞ்சி இல்ல. ஞாயித்துக்கிழமை ஒரு தடவை சமைச்சுப் பார்த்துக்கிட்டு அப்புறம் கூப்பிடலாம்னு நினைச்சேன். எங்கிட்ட பாத்திரம் கிடையாது. பீரோவுல இது இருந்தது."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். குறுக்கு சிரிக்கவில்லை.

கம்பெனி வக்கீல் விடவில்லை. "அப்படி ஒரு எண்ணமே உங்களுக்குக் கிடையாது. மாட்டிக்கிட்டதால இங்க வந்து கட்டற கதைன்னு நான் சொல்றேன்."

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் தொண்டையில் நின்றுகொண்டிருந்த கேள்வி அது. அதைக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. எதிர்க்கட்சி வக்கீல் கேட்டுவிட்டார், அதுவும் பிரமாணத்தின் பேரில்.

"இல்லைங்க," என்றான் வாய்தா. "கதையில்ல. குக்கரைத் தொடறதுக்கு முன்னாடியே உண்மை. வெடிச்சப்புறம் நான் பயந்தேன், அவசரப்பட்டேன், அது என் தப்பு. ஆனா இது உண்மை."

பொய் சொல்கிற சாட்சி தண்ணீர் கேட்பான், இல்லாவிட்டால் தன் வக்கீலின் முகத்தைப் பார்ப்பான். குறுக்கு எத்தனையோ பேரை அப்படிப் பிடித்திருக்கிறாள். அவனிடம் அந்தக் குறிகளைத் தேடித் தேடிப் பார்த்தாள். அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் கேட்க ஒரு கேள்வியும் மிச்சமில்லை.

கேன்டீன்காரம்மாவுக்கு இப்போது வக்கீல் இல்லை. அதனால் நீதிபதி அவளையே கேட்டார், சாட்சியிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று. அவள் எழுந்தாள்.

"தம்பி, இதையெல்லாம் அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்ல வந்தேன்மா. சொல்ல விடல."

குறுக்கு எழுந்து நின்றாள்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க வழக்கிலிருந்து விலகிட்டீங்க. இப்ப எந்த முறையில பேசறீங்க?"

"சம்பந்தப்பட்டவ முறையில, ஐயா," என்றாள். "எனக்குச் சம்மதம்."

"அது இந்த வழக்குக்குத் தேவையில்லாதது," என்று நீதிபதி தட்டச்சர் பக்கம் திரும்பினார். "பதிவு பண்ண வேண்டாம்."

"பண்ணட்டும் ஐயா," என்றாள் அவள்.

தட்டச்சர் அம்மா நீதிபதியைப் பார்த்தாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, அங்கியின் நுனியால் நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தார். அவர் துடைத்து முடிப்பதற்குள் தட்டச்சர் அம்மா அதைப் பதிவில் அடித்துவிட்டாள்.